புரதப் பாடம் உன்னுடையது

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கள்ளக்குறிச்சியில் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்திருந்தபோது, உன் வாக்கியம் ஒன்று என் கைக்கு வந்தது. எந்த ஊர்த் தாள் என்று எங்களுக்குத் தெரியாது. பெயர் இருக்காது. நீல மையில், வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில், செல்லுக்குள் புரதம் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு யாரோ ஒரு பிள்ளை இப்படித் தொடங்கியிருந்தது: ‘மூலம் வீட்டைவிட்டு வெளியே வராது. நகல்தான் வேலைக்குப் போகும்.’

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை, “இன்னாங்க டீச்சர், தலை சுத்துதா? தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். வெயில்தான் என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாக்கியம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அது எங்கே பிறந்தது என்பது உயிரோடு இருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதலில் உன் வாயில். அப்புறம் என் வாயில். அப்புறம் முப்பது வருஷமாக நான் நடத்திய வகுப்புகளில், எழுதிக் கொடுத்த குறிப்புகளில், ஆசிரியர் பயிற்சிகளில் எழுந்து நின்று நான் பேசிய பேச்சுகளில். போன இடமெல்லாம் அது என்னுடையதாகவே போனது. அந்தப் பிள்ளை மீதியையும் சரியாக எழுதியிருந்தது. முழு மதிப்பெண் போட்டுவிட்டுத் தாள்கட்டை மூடினேன்.

நீ போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. செய்தி மார்கழியிலேயே எனக்கு வந்துவிட்டது. மலையில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியர் சொன்னார். உன் ஊர் வெள்ளிமலைக்கு வர எனக்கு முகம் இல்லை. வேலை இருக்கிறது, பஸ் சரியில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அப்போது எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. நீ மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாய். நான் கச்சிராயபாளையம் சாலையில் இருந்த எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் வருவேன். நான் எதையும் மனப்பாடம் செய்வேன். நீ எதையும் மனப்பாடம் செய்ய மாட்டாய். புரியாத வரியை விரலால் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். “இது ஏன்டீ இப்பிடி இருக்குது?” என்று என்னைக் கேட்பாய். “புக்குல அப்பிடித்தான் போட்டிருக்குது” என்பேன். “புக்குல போட்டிருக்குது சரி. ஏன் இருக்குது?” என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். பரீட்சைக்கு ‘ஏன்’ தேவையில்லை என்று நான் நினைத்த காலம்.

எங்கள் ஜனங்கள் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலைக்கு வந்ததும் அந்த வருஷம்தான். ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். முதல் நாள் காலையில் விஷயம் சரியாகத் தெரியாமல் வாய்க்கால் கரையோடு சைக்கிளை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தேன். கேட் பூட்டியிருந்தது. அரிசி வராது, காய்கறி வராது என்று விடுதியையும் மூடிவிட்டிருந்தார்கள். கீழே ஊர் இருந்த பிள்ளைகள் நடந்தே போய்விட்டார்கள். மலைக்குப் போக வழியில்லாமல், விடுதி வாசலில், தகரப் பெட்டிமேல் நீ உட்கார்ந்திருந்தாய்.

“எங்க வூட்டுக்கு வா” என்றேன். அதை மட்டும் நல்ல மனசோடு சொன்னேன். அந்த வருஷத்தில் உன் விஷயத்தில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

உன் பெட்டியைக் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே போனோம். குறுக்கே மரம் வரும் இடத்தில் நான் முன்சக்கரத்தைத் தூக்குவேன், நீ பின்பக்கத்தைத் தூக்குவாய். எங்கள் ஊர்த் திருப்பத்தில் விழுந்து கிடந்த பெரிய மரத்தின்மேல் என் அண்ணன் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தான். “யாருடீ இது?” என்றான். “கூடப் படிக்கறவ. மலை. ஆஸ்டல மூடிட்டாங்க” என்றேன். இறங்கி வந்து சைக்கிளைப் பெட்டியோடு ஒரே தூக்காகத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

அன்று மாலை சாப்பிடும்போது அண்ணன் உன்னைப் பார்த்துப் பேசினான். கோபமாகப் பேசவில்லை, மனசில் இருந்ததைப் பேசினான்.

“ஒங்களுக்குத் தனியா குடுத்துட்டாங்க, தங்கச்சி. எங்களுக்குத்தான் ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கறோம்.”

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: “குடுத்தது காயிதத்துல இருக்குதுண்ணா. எங்க ஊர்ல எனக்கு முன்னால பன்னண்டாவது வரைக்கும் வந்த பொண்ணு யாருமில்ல.”

அண்ணன் உன் தட்டைப் பார்த்தான். பிறகு அம்மாவிடம், “அதுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தும்மா” என்றான். அம்மா ஊற்றினாள். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சரியாக நினைவில்லை, புரதப் பாடத்தை எடுத்தோம். நான் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தேன். படியெடுத்தல், தூது ஆர்.என்.ஏ., ரைபோசோம், கடத்து ஆர்.என்.ஏ., அமினோ அமிலம். நீ நிறுத்தச் சொன்னாய். “இத்தினி சுத்து எதுக்குடீ? டி.என்.ஏ. நேரா வெளிய வந்து புரதத்தச் செஞ்சிட்டுப் போவ வேண்டியதுதான?” என்றாய். எழுந்து வாசலில் அங்கும் இங்கும் நடந்தாய். அம்மா முறத்தில் மொச்சை புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நீயாகவே சொன்னாய்.

“வெளிய வந்தா அடிபடும், அழிஞ்சு பூடும். ஒரு செல்லுக்கு இருக்கறதே அந்த ஒரு மூலந்தான். அது போச்சுன்னா எல்லாம் போச்சு. அதான் மூலம் வூட்ட வுட்டு வெளிய வராது. நகல்தான் வேலைக்குப் போவும். வேலை முடிஞ்சதும் நகல் சிதஞ்சு பூடும். வேணும்னா இன்னொரு நகல் எடுத்துக்கும்.”

முப்பது வருஷத்தில் அதைவிடத் தெளிவாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

பிறகு அம்மாவிடம் போய் நாலு விதமான பயறு கேட்டாய். துவரை, உளுந்து, கடலை, மொச்சை. “நகல்ல நாலே எழுத்து. நாலு பயறு” என்று தரையில் வரிசையாக வைத்தாய். துவரை, உளுந்து, கடலை. இந்த மூன்றும் சேர்ந்தால் ‘ஆரம்பி’ என்று அர்த்தம். அதற்கப்புறம் மூன்று மூன்றாகத்தான் படிக்க வேண்டும். ரைபோசோம் அந்த வரிசைமேல் நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு கடத்து ஆர்.என்.ஏ.வுக்கும் ஒரு கையில் மூன்றெழுத்து, இன்னொரு கையில் ஒரே ஒரு அமினோ அமிலம். தனக்குப் பொருந்துகிற மூன்றெழுத்து வந்தால்தான் அது சுமையை இறக்கும். இறக்க இறக்கச் சங்கிலி நீளும். ‘நிறுத்து’ என்று மூன்றெழுத்து வரும் இடத்தில் யாரும் எதையும் கொண்டு வர மாட்டார்கள், சங்கிலி கழன்றுகொள்ளும். அப்படிக் கழன்று, மடிந்து, உருவத்துக்கு வந்தால் அது ஒரு புரதம். நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே வந்து வரிசையின் நடுவிலிருந்து ஒரு உளுந்தைக் கொத்தி விழுங்கியது.

நான் விரட்டப் போனேன். “வுடுடீ. அது நல்ல வேலைதான் செஞ்சிருக்குது” என்று என் கையைப் பிடித்தாய். இடைவெளியை மூடுவது மாதிரி மீதிப் பயறுகளை ஒரு இடம் தள்ளி வைத்தாய். “இப்ப மறுபடியும் மூணு மூணாப் படி.”

படித்தேன். கோழி கொத்திய இடம் வரைக்கும் சரியாக இருந்தது. அதற்குப் பின்னால் வந்த ஒவ்வொரு மூன்றும் வேறாக ஆகிவிட்டது.

“ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. பின்னாடி வர்றது அத்தினியும் மாறிப் போச்சு பாத்தியா?” என்று சிரித்தாய். “ரைபோசோமுக்கு அது தெரியாது. எழுதியிருக்கறதத்தான் அது செய்யும்.”

முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, “பாடம் முடிஞ்சா பயற எடுத்து டப்பாவுல போடுங்க” என்றாள். அதற்கும் சிரித்தாய். நானும்தான் சிரித்தேன். புரிந்ததனால் வரும் சந்தோஷம் எனக்கு அதுதான் முதல் தடவை.

வாரக் கடைசியில் மறியலில் அண்ணனைப் போலீஸ்காரர்கள் அடித்துவிட்டார்கள். முதுகில் கம்பு கம்பாக வீங்கியிருந்தது. அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதாள். நீ பக்கத்தில் நின்று துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தாய். அந்த முதுகைப் பார்த்த ஆத்திரம் எனக்குள் தங்கிவிட்டது. எங்கள் ஜனங்கள் அடிபட்டுக் கேட்கிற ஒன்று உனக்கு ஏற்கெனவே இருக்கிறது என்ற நினைப்பு அன்றைக்குத்தான் எனக்குள் புகுந்தது. துணி பிழிந்த உன் கைகளைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. அதனால் யாரும் என்னைத் திருத்தவும் இல்லை.

பஸ் ஓடத் தொடங்கி, பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து, கடலூரில் அறிவியல் பேச்சுப் போட்டி என்று உயிரியல் சார் அறிவித்தார். பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். தலைப்பு, செல்லில் புரதம் உருவாகும் விதம். கையில் தாள் வைத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பிலேயே பேசவைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பேன் என்றார். நீயும் நானும் இன்னும் மூன்று பேரும் பெயர் கொடுத்தோம்.

வருகைப் பதிவேட்டு வரிசைப்படி நான் உனக்கு முன்னால். இதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்: எழுந்து போகும்போது திருடும் எண்ணம் எனக்கு இல்லை. பாடப்புத்தகத்தில் மூன்று பக்கத்தை ஒப்பிப்பதாகத்தான் தயார் செய்திருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோனது. எதிரே நாற்பது முகம். அப்போது எனக்குத் தெரிந்தது உன் வார்த்தை மட்டும்தான். “மூலம் வீட்டைவிட்டு வெளியே வராது” என்று சொன்னேன்.

சார் தலையை நிமிர்த்தினார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். தெரியாமல் வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்கப்புறம் சொன்னது எல்லாம் தெரிந்தே சொன்னது. பயறு, மூன்று மூன்றாகப் படிப்பது, கோழி, எல்லாம். “எங்க வீட்டு வாசல்ல நான் பயறு வைத்துப் பார்த்தேன்” என்று கூசாமல் சொன்னேன். நாம் என்றுகூடச் சொல்லவில்லை. நீ மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

“இத எங்கம்மா படிச்ச?” என்று சார் கேட்டார்.

“நானே யோசிச்சேன் சார்.”

உன் முறை வந்தது. நீ வேறு எதைப் பேசுவாய்? உன்னுடையதைத்தானே பேசுவாய். மெதுவாக ஆரம்பித்தாய். ஒரு செல்லுக்கு ஒரே மூலம் என்றாய், அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்றாய். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இவ இப்பதானம்மா சொல்லிட்டுப் போனா. அதையே நீ திருப்பிச் சொல்ற. காப்பி அடிச்சியா?”

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், “சலுகையில வந்தது வேற எப்பிடி சார் இருக்கும்?” என்றது. வகுப்பு சிரித்தது. சார் அதட்டவில்லை. நான் வாய் திறந்திருந்தால் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருக்கும். சாலையில் உட்கார்ந்து ஒதுக்கீடு கேட்ட வீட்டிலிருந்து வந்தவள், ஒதுக்கீட்டில் வந்தவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எப்படியும் சீட்டு கிடைத்துவிடும், எனக்கு இது ஒன்றுதான் என்று அந்த நேரத்திலும் மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாய். கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு சாரிடம் திரும்பிச் சொன்னாய்.

“ஆமா சார். அவகிட்ட கேட்டுத்தான் படிச்சேன்.”

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில், நம் பெஞ்சில், உட்கார்ந்தாய். உன் கை என் கையில் படாமல் ஒரு ஓரமாக.

சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உன்னைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் கேட்ட கேள்வியைப் பார்: “ஏன்டீ அப்பிடிச் சொன்ன?”

“ஒங்க வூட்ல ஒரு வாரம் சோறு துன்னேன். அதான்” என்றாய். நடக்கத் தொடங்கிவிட்டுத் திரும்பி, “இத்தோட சரியாப் போச்சு” என்றாய்.

அதற்கு அப்புறமும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். ஸ்கேல் கேட்டால் கொடுப்பாய். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. “அந்த மலைப் பொண்ணு ஏன் வர்றதே இல்ல?” என்று அண்ணன் இரண்டு மூன்று தடவை கேட்டான். “படிக்கறா” என்றேன். அவனிடமும் பொய்.

கடலூரில் எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். காலை வழிபாட்டில் மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். அந்தச் சான்றிதழை அம்மா சட்டம் போட்டு மாட்டினாள். அதைக் கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று கேட்பாளே.

பொதுத்தேர்வில் உயிரியலில் நீதான் பள்ளிக்கே முதல். உனக்கு மருத்துவப் படிப்பு நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நீ நர்ஸ் பயிற்சியில் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது, வீட்டில் சீக்கிரம் சம்பாத்தியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லி முடித்துக்கொண்டேன். நான் விலங்கியல் படித்தேன், ஆசிரியை ஆனேன். திருக்கோவிலூர்ப் பக்கம் வேலை. புரதப் பாடம் நன்றாக நடத்துகிற டீச்சர் என்று பெயர்.

நடுவில் ஒரு தடவை உன்னைப் பார்த்தேன், உனக்கு நினைவிருந்திருக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை பஸ்ஸுக்கு நின்றிருந்தாய். நானாக இருந்தால் பார்க்காத மாதிரி போயிருப்பேன். நீதான் கூப்பிட்டாய்.

“நல்லா இருக்கியாடீ? அம்மா, அண்ணன் எல்லாம் சௌக்கியமா?”

“ம். நீ?”

“எனக்கென்ன. மலையெல்லாம் சுத்திக்கினு கெடக்கறேன். நீ டீச்சர்னு சொன்னாங்க. அந்தப் பாடம் இருக்குதா இன்னும்?”

“இருக்குது.”

“நல்லா நடத்து” என்றாய். குத்தலாகச் சொன்னாயா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குத்தல் இல்லை. உன் பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரமும் நான் விலைவாசியையும் மழையையும் பேசினேன்.

விடைத்தாளில் உன் வாக்கியத்தைப் பார்த்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். உன் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. நர்ஸம்மா வீடு என்றால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உன் மகள் இருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாம். உன்னைப் போலவே நெற்றி. என் பெயரைச் சொன்னதும், “நீங்களா? வாங்க டீச்சர், உள்ள வாங்க” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். சீருடையில் நீ சிரிக்கிற படத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டாள். நான் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

சிறுநீரகம் கெட்டு மூன்று மாதம் நீ கஷ்டப்பட்டதைச் சொன்னாள். பிறகு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

“மரம் வெட்டிப் போட்டப்ப ஒங்க வூட்ல ஒரு வாரம் இருந்தாங்களாமே. ஒங்கம்மா வெச்ச கருவாட்டுக் கொழம்ப அடிக்கடி சொல்வாங்க. எனக்குப் பன்னண்டாவதுல புரதப் பாடம் புரியல. அம்மாதான் பயறு வெச்சிச் சொல்லிக் குடுத்தாங்க. இத எங்க கத்துக்கினம்மான்னு கேட்டா, ஒரு சிநேகிதி வூட்லன்னு சொல்வாங்க.”

சிநேகிதி வீட்டில். நீ பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. உன் பெண்ணிடம்கூட. டீயை வைத்துவிட்டேன்.

“அம்மா ஏன்மா டாக்டருக்குப் படிக்கல? மார்க் இருந்ததே” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

“அப்ளிகேஷன் எழுதிப் போடவே இல்லியாம். நாங்ககூடக் கேட்டிருக்கறோம். கிளாஸ்ல ஒரு நாள் எல்லாரும் அவங்களப் பாத்துச் சிரிச்சாங்களாம், சலுகையில வந்ததுன்னு. அந்தச் சிரிப்ப இன்னும் அஞ்சு வருஷம் கேக்க என்னால ஆவாதுன்னு தோணிப் போச்சுன்னாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அதைக் கேட்கும் வரை, நான் எடுத்துக்கொண்டது ஒரு பேச்சையும் ஒரு பரிசையும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு உளுந்து போன பின்னால் என்னவெல்லாம் மாறும் என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். உன் விஷயத்தில் அதைப் படித்துப் பார்க்கவே இல்லை.

“அந்தச் சிரிப்பு எப்ப வந்துதுன்னு எனக்குத் தெரியும்மா” என்றேன். முழுதையும் சொன்னேன். அண்ணன் முதுகைக் காரணமாகச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. சார் அதட்டவில்லை என்பதையும் சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும் சொன்னேன். ‘நானே யோசிச்சேன்’ என்று நான் சொன்னதையும், நீ என்னைப் பார்த்துக் காத்திருந்ததையும் சொன்னேன்.

உன் மகள் குறுக்கே பேசவில்லை. வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

“அம்மா இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கலாம்ங்களே” என்றாள்.

“சொல்லியிருக்கணும்மா.”

“டாக்டர் ஆயிருப்பாங்களா இல்லியா, அது வேற. நீங்க வந்து சொன்னீங்கன்னா அவங்களுக்கு நல்லா இருந்திருக்கும்.”

அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்று தோன்றியது. அதனால் அழவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையையும் எடுக்கவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவள் நீ. உனக்குப் பதிலாக அவளிடம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடக் கூடாது.

பஸ் நேரம் ஆனதும் கூடவே வந்தாள். சரிவில் இறங்கும்போது கல் தடுக்குகிற இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தத்தில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரு பாப்பா இது, கீழருந்து வந்தவங்களா?” என்று கேட்டாள்.

உன் மகள் அம்மாவின் சிநேகிதி என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

“எங்கம்மாகிட்ட படிச்சவங்க.”

நான் தலையை ஆட்டினேன். பஸ் வந்து, ஏறி, உட்கார்ந்து, கடைசி வளைவு இறங்கும் வரைக்கும் அந்த ஒரு வரிதான் எனக்குள் இருந்தது. என்னைப் பற்றி இதுவரை ஊர் சொன்னவற்றில் பொய் கலக்காதது அது ஒன்றுதான். ஜூன் மாதம் பாடம் ஆரம்பிக்கும் நாளில் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். உன் பெயரை, உன் ஊரைச் சொல்லி, இது அவங்க பாடம், நான் அவங்ககிட்ட படிச்சவ என்றேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. நாலு வகுப்புப் பிள்ளைகள். இதற்கு முன்னால் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் இன்னும் அது என் பாடம்தான்.